ஜன்னல் சீட்டிலிருந்து இறக்கையைப் பார்ப்பது எப்படி

இறக்கை பக்கத்து வரிசை என்றாலே பலர் வேண்டாம் என்பார்கள், கீழே ஒன்றும் தெரியாதாம். ஆனால் விமானம் எப்படிப் பறக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இறக்கைக்குச் சற்றே பின்னால், அதன் பின்விளிம்பு முழுதும் கண்ணில் படுகிற மாதிரி சீட் எடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. பயணிகள் ஜெட்டின் இறக்கை மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் சிக்கனமாகப் பறக்கிற மாதிரி வடிவமைக்கப்படுகிறது, அதே இறக்கைதான் 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்கும்போதும் விமானத்தைத் தாங்க வேண்டும். வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசியாகிவிடும். அதனால் மெதுவாகப் போகும்போது இறக்கை தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தத் தூக்குவிசை எப்படி வருகிறது? இறக்கைக்கு மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டுமென்று அது வேகமாக ஓடுகிறது என்று படித்திருந்தால் மறந்துவிடுங்கள். அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, மேல்காற்று உண்மையில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, பதிலுக்குக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

சரி, ரன்வேக்குப் போகும் வழியில் பாருங்கள், பின்விளிம்பிலிருந்து ஃபிளாப் என்கிற அசையும் பலகை கொஞ்சம் வெளியே நீண்டு சரிந்திருக்கும். இறக்கையின் பரப்பும் வளைவும் கூடுவதால் குறைந்த வேகத்திலேயே தூக்குவிசை கிடைத்துவிடும். டேக்-ஆஃப் ஓட்டத்தில் ஃபிளாப்பை விட்டுவிட்டு இறக்கையின் நுனியைக் கவனியுங்கள், சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே அது மேலே வளைய ஆரம்பித்திருக்கும். பயப்பட வேண்டாம், வளையத்தான் செய்யும். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை அது தாங்கியாக வேண்டும் என்பது விதி. 1995-ல் போயிங் 777-இன் இறக்கையை வேண்டுமென்றே வளைத்துச் சோதித்தபோது 154 சதவீதத்தில்தான் உடைந்தது. எரிபொருளை இறக்கைக்குள் வைப்பதிலும் ஒரு லாபம் உண்டு, அதன் எடை கீழே இழுப்பதால் இறக்கை விமான உடலோடு சேரும் இடத்தில் வளைவு அழுத்தம் குறைகிறது.

திரும்பும்போது நுனிப்பக்கம் இருக்கும் சின்னப் பலகையைப் பாருங்கள், அதுதான் ஏலரான். உங்கள் பக்கம் சாய்ந்தால் அது மேலே தூக்கும். சாய்ந்து முடித்ததும் பலகை பழைய இடத்துக்கே வந்துவிடும், விமானம் மட்டும் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்.

லேண்டிங்தான் உச்சக்கட்டம், தூங்கிவிடாதீர்கள். ஃபிளாப் படிப்படியாக இறங்கி இறக்கையே பிரிந்து போனது போல இடைவெளி தெரியும், சில விமானங்களில் அதன் வழியாகத் தரையே தெரியும். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. கீழிருந்து வேகமான காற்று அதன் வழியாகப் புகுந்து ஃபிளாப்பின் மேல் ஒட்டி ஓடுவதால், அவ்வளவு சரிவிலும் மேல்காற்று பிய்த்துக்கொண்டு போவதில்லை. சக்கரம் தொட்டதும் இறக்கையின் மேல் வரிசையாகப் பலகைகள் சடாரென்று நிமிரும். இவை ஸ்பாய்லர்கள், தூக்குவிசையைக் கெடுப்பதுதான் வேலை. தூக்குவிசை போனால்தான் முழு எடையும் சக்கரத்தில் இறங்கும், அப்புறம்தான் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

ரன்வேயை விட்டுத் திரும்பியதும் ஸ்பாய்லரும் ஃபிளாப்பும் உள்ளே போவதையும் பார்த்துவிடுங்கள். பக்கத்து சீட்காரர் அதற்குள் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நின்றிருப்பார்.