காலநிலை மாற்றத்தை மறுக்கறவங்ககிட்ட பேசும்போது நாம பண்ற தப்புகள்

ஒருத்தர் "குளோபல் வார்மிங் எல்லாம் சும்மா கட்டுக்கதை"ன்னு சொன்னா, நாம உடனே போனை எடுத்து கிராஃப் காட்டுவோம், தொழிற்புரட்சிக்கு முன்னாடி 280 பிபிஎம் (அதாவது காத்துல பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு) இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போ 420-ஐ தாண்டிருச்சுன்னு நம்பரா அடுக்குவோம். நம்பர் சரிதான், ஆனா அவர் நம்பரைப் பத்தியே பேசல, தான் யார் பக்கம்னு சொல்லிட்டிருக்கார். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹான் டீம் அமெரிக்காவுல பண்ணி 2012-ல வெளியிட்ட ஆய்வுல, அறிவியலும் கணக்கும் நல்லா தெரிஞ்சவங்களுக்குள்ளதான் இந்த விஷயத்துல வேற வேற கொள்கைப் பக்கம் இருக்கறவங்க நடுவுல பிளவு இன்னும் பெருசா இருந்துச்சு. அதனால படிக்காதவங்கதான் மறுக்கறாங்கன்னு நினைக்காதீங்க.

வலதுசாரின்னாலே இப்படித்தான்னு முத்திரை குத்தறதும் தப்பு. 1989-லயே ஐநா சபையில இதைப் பத்தி எச்சரிச்சவங்க பிரிட்டனோட வலதுசாரி பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர்! இந்தக் கட்சி இந்தப் பக்கம்ங்கற பிளவு அப்புறம்தான் விழுந்துச்சு, அதுவும் தானா விழல. எண்ணெய், நிலக்கரி கம்பெனிங்க காசு இறக்குனாங்க, 2002 வாக்குல அமெரிக்கத் தேர்தல் ஆலோசகர் ஃபிராங்க் லண்ட்ஸ் அங்கத்த வலதுசாரி ரிபப்ளிகன் கட்சிக்காரங்களுக்கு எழுதின மெமோவுல, விஞ்ஞானிகளுக்குள்ள இன்னும் முடிவாகலன்னு பேசிட்டே இருக்கச் சொன்னார்.

இதுல நாட்டுப்பற்று கலந்துட்டா இன்னும் கஷ்டம். 2017 பிப்ரவரியில ஆஸ்திரேலிய பாராளுமன்றத்துல அப்போ நிதியமைச்சரா இருந்த ஸ்காட் மாரிசன் கையில ஒரு நிலக்கரித் துண்டைத் தூக்கிப் பிடிச்சு, "இது நிலக்கரி, பயப்படாதீங்க"ன்னார். அதுல விஞ்ஞானம் ஒண்ணுமே இல்ல, இது நம்ம சொத்து, அதைப் பறிக்க வர்றாங்கன்றதுதான் சேதி. அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்துல இறங்கி சம்பாதிச்ச குடும்பத்துல போய் நிலக்கரி அழுக்குன்னு ஆரம்பிச்சீங்கன்னா, அவங்க காதுல விழறது அப்பாவைத் திட்டின மாதிரிதான், அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் ஏறாது.

அதுக்காக, பணக்கார நாடுகள் நூறு வருஷத்துக்கு மேல எரிச்சுத் தள்ளிட்டாங்க, அவங்க முதல்ல குறைக்கட்டும்னு கேக்கறவரையும் மறுப்பாளர் லிஸ்ட்டுல சேக்காதீங்க. அது நியாயமான கேள்வி, 1992 ஐநா ஒப்பந்தத்துலயே பொறுப்பு எல்லாருக்கும் உண்டு ஆனா ஒரே அளவு இல்லன்னு இருக்கு.

மனசு மாறறவங்க குடுக்கற விலையையும் நாம பாக்கறதில்ல. தெற்கு கரோலினாவுல ரிபப்ளிகன் எம்பியா இருந்த பாப் இங்லிஸ் காலநிலை மாற்றம் நிஜம்னு சொன்னார், 2010-ல சொந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற பிரைமரி தேர்தல்லயே தோத்தார், அதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் கட்சிக்காரங்களை விட்டு அவர் விலகல, அதே ஆளுங்ககிட்ட அவங்க பாஷையிலயே கார்பன் வரியைப் பத்தி (கார்பன் வெளியேத்தறதுக்குப் போடற வரி) பேச ஆரம்பிச்சார்.