ஜுமான்ஜி: புத்தகம், படம், விளையாட்டு – எங்கே சறுக்குகிறோம்?

ஜுமான்ஜி என்றதும் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு நடிகர் ராபின் வில்லியம்ஸ் முகம் வரும், அவர்களுடைய பிள்ளைகளுக்கு டுவெய்ன் ஜான்சன். இரண்டு பேருமே மூலக் கதையில் கிடையாது. 1981-இல் கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் எழுதி வரைந்த மெல்லிய படப்புத்தகம் அது. அடுத்த ஆண்டு, சிறந்த படப்புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் தரும் கால்டிகாட் பதக்கம் வாங்கியது. ஜூடி, பீட்டர் என்று இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு, பூங்காவில் மரத்தடியில் கிடந்த ஒரு விளையாட்டுப் பலகை. பகடை உருட்டிப் போய் நிற்கும் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அது வீட்டுக்குள் நிஜமாகவே நடக்கிறது. அவ்வளவுதான்.

பிள்ளைக்கு இந்தக் கதையை அறிமுகப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, "புத்தகமும் இதே கதைதான்" என்று சொல்லிவிடுவது. அதே கதை இல்லை. புத்தகத்தில் அப்பா அம்மா ஓபரா என்ற இசை நாடகம் பார்க்கப் போயிருக்கிறார்கள், இரவில் திரும்பி வந்துவிடுவார்கள். 1995-இல் ஜோ ஜான்ஸ்டன் எடுத்த படத்தில் ஜூடியும் பீட்டரும் விபத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள். ஆலன் பாரிஷ் என்ற பையனைப் பலகை உள்ளே இழுத்துக்கொள்கிறது, 26 ஆண்டு கழித்துத் தாடியும் மீசையுமாக வெளியே வருகிறான். ஆலனும் சரி, துப்பாக்கியோடு துரத்தும் வேட்டைக்காரனும் சரி, படத்துக்காகவே உருவானவர்கள். புத்தகத்தில் இருப்பது ஒரு பிற்பகலின் கலவரம். படத்தில் இருப்பது தொலைந்துபோன ஒரு வாழ்க்கை. அதனால் புத்தகம் படித்துக் குதூகலித்த ஐந்து வயதுக் குழந்தைக்கு உடனே படத்தைக் காட்ட வேண்டாம். பையனின் விரல்கள் கரைந்து பலகைக்குள் உறிஞ்சப்படும் காட்சி ஒன்று போதும், ராத்திரி தூக்கம் போச்சு. சிறு பிள்ளைகளுக்கு இது மிகவும் பயமுறுத்தும் படம் என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அப்போதே குறைபட்டார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு.

இன்னொரு சறுக்கல், புத்தகத்தை வேகமாகப் படித்து முடிப்பது. வாசகம் குறைவுதானே என்று ஐந்து நிமிடத்தில் புரட்டிவிட்டால் பாதிப் புத்தகம் கைநழுவிவிடும். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. "கலர் இல்லையே, பிள்ளைக்குப் பிடிக்குமா?" என்று கேட்கிறார்கள். அந்தச் சாம்பல் நிறம்தான் சிங்கத்தை நம்ப வைக்கிறது. பழைய புகைப்படம்போலச் சுத்தமான ஒரு கூடம், அதில் பியானோவின் மேல் ஒரு சிங்கம் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. கணப்பு மாடத்தின் மேல் மலைப்பாம்பு. சமையலறையில் குரங்குகள். காண்டாமிருகங்கள் வீட்டுக்குள்ளேயே பாய்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையை நிறுத்தி, எங்கிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். சில படங்களில் நாம் தரையோடு தரையாகக் கிடக்கிறோம், சிலவற்றில் கூரைக்குப் பக்கத்தில் தொங்குகிறோம். வான் ஆல்ஸ்பர்க் அடிப்படையில் சிற்பக் கலை படித்தவர். அது கோடுகளில் தெரிகிறது.

சரி, 2017-இல் டுவெய்ன் ஜான்சன் நடித்து வந்த படம்? அதைப் பழைய படத்தின் மறு ஆக்கம் என்று நினைப்பது பரவலான குழப்பம். அது தொடர்ச்சி. 1996-இல் ஒரு பையன் கையில் பலகை கிடைக்கிறது. "இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் விளையாடுவார்கள்" என்று அவன் ஒதுக்கியதும், பலகை ஒரே ராத்திரியில் வீடியோ கேமாக மாறிக்கொள்கிறது. நல்ல குறும்பு! ஆனால் இதில் கதவு திசை மாறிவிட்டது. புத்தகத்திலும் முதல் படத்திலும் காடு வீட்டுக்குள் வருகிறது. இங்கே மனிதர்கள் காட்டுக்குள் போகிறார்கள். (1996-இல் தொடங்கிய கார்ட்டூன் தொடரிலும் அப்படித்தான்.) காட்டில் காண்டாமிருகம் ஓடினால் அது சாகசம். நம் வீட்டுக் கூடத்தில் ஓடினால்தான் வயிற்றைப் புரட்டும். மேலும், இதில் ஆளுக்கு மூன்று உயிர். புத்தகத்தின் பலகையில் அந்தச் சலுகை கிடையாது. யாராவது ஒருவர் பலகையின் கடைசிக் கட்டமான தங்க நகரத்தை அடையும்வரை ஆட்டம் முடியாது, பாதியில் எழுந்துபோனாலும் முடியாது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிய படம் நல்ல சிரிப்பு. ஆனால் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் கவனம் தேவை என்ற தரச்சான்று அதற்கு. முதல் படத்தைவிட ஒரு படி கூடுதல் எச்சரிக்கை அது, மறக்க வேண்டாம்.

விளையாட்டு வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்த்து ஏமாறுவது தனிக் கதை. 1995-இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட பலகை விளையாட்டை, பரமபதம் மாதிரி ஆளாளுக்குத் தாயம் போட்டு முந்துகிற ஆட்டம் என்று நினைத்தால் குழம்பிப்போவீர்கள். அட்டையில் உள்ள வரியைச் சிவப்புக் கண்ணாடி வழியாகத்தான் படிக்க முடியும். ஒருவர் ஆபத்தில் மாட்டினால் மணல் கடிகாரம் தீர்வதற்குள் மற்றவர்கள் பகடை உருட்டிக் காப்பாற்ற வேண்டும், தவறவிட்டுக்கொண்டே போனால் எல்லோருக்கும் தோல்வி. நான் ஒருமுறை பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்து திறந்தால் சிவப்புக் கண்ணாடியைக் காணோம்! அது இல்லாமல் அட்டைகள் வெறும் சிவப்புக் கிறுக்கல். பழையது வாங்கினால் முதலில் அதைத் தேடுங்கள். 2019-இல் வந்த வீடியோ கேம் புதிய படங்களின் நான்கு பாத்திரங்களைச் சுற்றியது. புத்தகத்தின் சிங்கத்தை அங்கே தேடிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று: கடைசிப் பக்கத்தை விளக்கிக் கெடுக்காதீர்கள். பலகையைப் பூங்காவிலேயே போட்டுவிட்டு வந்த பிள்ளைகள், விருந்தினராக வந்த பட்விங் அம்மாள் தன் மகன்கள் டேனியும் வால்டரும் விதிமுறையைப் படிப்பதே இல்லை என்று சலித்துக்கொள்வதைக் கேட்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த இருவரும் ஓடுகிறார்கள், கையில் ஒரு பெட்டி. அக்கா மகளுக்கு இதைப் படித்தபோது அர்த்தம் சொல்ல வாயெடுத்தேன். அவள் புத்தகத்தைப் பிடுங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்தி, அவங்க படிப்பாங்களா மாட்டாங்களா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில்போல வான் ஆல்ஸ்பர்க் 21 ஆண்டு கழித்து, 2002-இல், 'ஸதூரா' என்று இன்னொரு புத்தகம் போட்டார். அதே டேனி, அதே வால்டர். பெட்டியில் ஜுமான்ஜிக்கு அடியில் இன்னொரு பலகை இருக்கிறது, இந்த முறை வீடு விண்வெளிக்குப் போகிறது. 2005-இல் வந்த அதன் படத்தில் ஜுமான்ஜி பலகையே கிடையாது. அதனால் அவளுக்கு அதையும் புத்தகமாகத்தான் கொடுக்கப் போகிறேன்.