ஆற்றைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்

கொடைக்கானல் பக்கம் இரண்டு நாள் லீவில் வருகிறவர்கள் அனுப்பும் திட்டத்தைப் பார்த்தாலே, எங்கே மாட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஸ்வெட்டர், பவர் பேங்க், வாந்தி மாத்திரை பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அதை உங்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகவி கிராமம், அப்புறம் கும்பக்கரை அருவி என்று இறங்கும் பாம்பாற்றுப் பள்ளத்தாக்குக்கு நடக்க, குளிக்க, சும்மா பாறையில் உட்கார்ந்து காற்று வாங்க வருகிறவர்கள், எங்கள் செட்டு ஆரம்பத்தில் பண்ணிய அதே கூத்தைத்தான் பண்ணுகிறார்கள். அதைப் பற்றி மட்டும்.

மேப் சொல்லும் நேரம்

மலையில் கிலோமீட்டருக்கு அர்த்தம் கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் ரோட்டில் சனிக்கிழமை காலை வெள்ளி அருவி பக்கம் வண்டிகள் நிற்க ஆரம்பித்தால், மேப் காட்டிய நேரத்தை மறந்துவிடலாம். இன்னொன்று, பெரியகுளம் பக்கத்திலிருந்து தேடினால் அடுக்கம் ரோடு தூரம் குறைவு என்று மேப் ஆசை காட்டும். கும்பக்கரையிலிருந்து ஏறி பெருமாள்மலையில் சேரும் அந்த ரோடு குறுகல், எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும், மழை பெய்தால் மண் சரியும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் இதில் கை வைக்க வேண்டாம். போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று பெரியகுளத்திலேயே விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

ரூம் முதலில், பாதை அப்புறம்

தலைகீழ். காட்டுப் பாதையில் இஷ்டத்துக்கு இறங்கி நடந்த காலம் போய்விட்டது. 2018 மார்ச்சில், கும்பக்கரை இருக்கும் இதே தேனி மாவட்டத்தின் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதற்குப் பிறகு கட்டுப்பாடு கடுமையானது. இப்போது அனுமதி, கூடவே வழிகாட்டி, முன்பதிவு எல்லாம் வேண்டும். 2024 அக்டோபரில் ஆரம்பித்த ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ரூம் போடுங்கள். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

இ-பாஸ்

2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்குக் கட்டாயம். எடுங்கள்.

ஆறு, கடைசி நாள் மத்தியானம்

இதை நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்றைக்கும் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே திட்டம் போடுகிறார்கள். முதல் நாள் கொடைக்கானலில் ஊர் சுற்றல். இரண்டாம் நாள் ஆற அமர எழுந்து, டிபன் சாப்பிட்டு, மலை இறங்கி, மத்தியானம் கும்பக்கரையில் குளியல், ராத்திரி பெரியகுளத்தில் பஸ். போகிற வழியில் இருக்கிறதே, அலுப்பு தீரக் குளித்துவிட்டுப் போகலாமே என்ற கணக்கு.

கும்பக்கரையில் விழுகிற தண்ணீருக்கும் கும்பக்கரையில் அடிக்கிற வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது இவர்களுக்குப் புரிவதில்லை. அது மலையடிவாரம். தண்ணீர் வருவதோ 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானல், வட்டக்கானல் பக்கத்திலிருந்து. செங்குத்தான சரிவு, அடியில் முக்கால்வாசி பாறை, வழியில் தேங்கி நிற்க இடமில்லை, மேலே கொட்டியது அப்படியே கீழே வந்துவிடும். மலையில் மேகம் திரள்வதும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், அதுவும் ஏப்ரல், மே இடிமழை மாதங்களில் சொல்லவே வேண்டாம். காலையில் நீலமாக இருந்த வானம் மூன்று மணிக்கு வட்டக்கானல் பக்கம் கருத்துவிடும், கீழே நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த பையன்கள் என்னோடு இருந்தார்கள். மேலே டீக்கடைக்காரருக்குப் போன் போட்டேன், பேச்சே கேட்கவில்லை, தகரத்தில் மழை கொட்டும் சத்தம்தான் கேட்டது. வெளியே வாங்கப்பா என்றால், “அண்ணே, வெயில் மண்டையைப் பிளக்குது, எங்கண்ணே மழை?” என்று ஒருவன் சிரிக்கிறான். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காய்ந்த சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தது. அப்புறம் பாறை ஓரத்தில் காய்ந்திருந்த இடம் ஒரு விரல்கடை நனைந்தது. தெளிந்த தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாற ஆரம்பித்தபோது வனத்துறை வாட்சர் விசிலை ஊதிவிட்டார். எல்லோரும் ஏறிவிட்டார்கள், அந்தச் சிரித்த பையன் மட்டும் எதிர்ப் பாறையில் வைத்திருந்த பையை எடுக்கத் திரும்பிப் போனான். கயிறு போட்டுத்தான் இழுத்தார்கள். பை போனது, அதிலிருந்த போன் போனது, வேனுக்கு வெயிட்டிங் காசு, ராத்திரி பஸ்ஸையும் விட்டாச்சு. அவ்வளவோடு போனது அவன் அதிர்ஷ்டம்.

இங்கே கடைசி நாள் என்பதுதான் வினை. முதல் நாளாக இருந்திருந்தால், “சரி, நாளைக்குக் காலையில் வருவோம்” என்று ஏறியிருப்பான். டிக்கெட் போட்டாச்சு, இதை விட்டால் அடுத்த வருஷம்தான் என்ற நினைப்பு வந்துவிட்டால் வாட்சரோடு சண்டை போடத்தான் தோன்றும், யார் சொன்னாலும் காதில் ஏறாது. விசில் சத்தம் கேட்ட பிறகும் “ஒரே ஒரு செல்ஃபி” என்று நிற்கிற அத்தனை பேரிடமும் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு ராத்திரி ஊருக்குக் கிளம்புகிறவராகத்தான் இருப்பார்.

அதனால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். ராத்திரி பஸ் பிடித்துப் பெரியகுளத்தில் விடியற்காலை இறங்கி, கேட் திறந்ததும் கும்பக்கரை. காலை வெளிச்சத்தில் தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரியும், கூட்டமும் இருக்காது. குளித்துவிட்டு மலையேறுங்கள். அன்றைக்கு வெள்ளம் என்று மூடியிருந்தால் இறங்கும் நாள் காலை இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கிறது. இரண்டு நாளும் மூடியிருந்தால் விட்டுவிடுங்கள், ஆறு எங்கேயும் போகாது.

அப்புறம், அங்கே யானை கஜம், பாம்பு கஜம், உரல் கஜம் என்று மடுக்களுக்குப் பேர் இருக்கிறது. கேட்க அழகாக இருக்கும், ஆழம் மேலிருந்து தெரியாது. கம்பி போட்டு ஒதுக்கிய இடத்தைத் தாண்டாதீர்கள்.

அக்டோபர், நவம்பர்

ஜூலையில் மழை என்று பயந்து ஆயுத பூஜை லீவுக்கோ தீபாவளிக்கோ தள்ளிப் போடுகிறார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் பெரிய மழையே வடகிழக்குப் பருவத்தில்தான். நடக்க, குளிக்க என்று வருகிறவர் ஜனவரியில் வாருங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில்

வழியில் சோதனை உண்டு. ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.

“இறக்கம்தானே”

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை போய்த் திரும்புகிறவர்கள், இவ்வளவுதான் போல என்று வெள்ளகவிக்கும் மனக்கணக்கு போடுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், இறக்கத்தில் முட்டி கழன்றுவிடும். கல்லும் வேருமாக இறங்கிக்கொண்டே இருக்கும் பாதை, பழக்கமில்லாதவருக்குத் தொடை நடுங்க ஆரம்பித்ததும் கால் எங்கே வைக்கிறோம் என்பதே தெரியாது. புது ஷூவோடு வராதீர்கள். ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு மூட்டை கட்டிக்கொண்டு போங்கள், வண்டி போகாத ஊரில் உங்களுக்காக யாரும் உலை வைத்துக் காத்திருக்க மாட்டார்கள். வெள்ளகவிக்குள் ஊர்க்காரர்கள் செருப்புப் போடுவதில்லை, கோயில் நிறைந்த ஊர். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று விவாதம் பண்ணாதீர்கள்.