ஒன்பது கிராம் உப்பு

மேல்நிலையில் வணிகவியல் படித்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ப் பக்கம் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்த எனக்கு, முதல் வாரத்திலேயே ‘மோல்’ (ஒரு பொருளின் துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) என்ற சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. தடித்த கல்லூரி நூல்களை மூடிவைத்துவிட்டு, தம்பியின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களை (கொஞ்சம் கூச்சத்தோடுதான்) முதல் பாடத்திலிருந்து படித்தேன். கணக்குப் பதிவியலில் பழகிய கை, ஒவ்வோர் எண்ணையும் அதன் அலகோடு எழுதத் தொடங்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. சலைன், அதாவது நரம்பில் ஏற்றும் உப்பு நீர், 0.9 சதவீதம் என்றால் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. உப்பிலுள்ள சோடியத்தின் அணு நிறை 23, குளோரினுடையது 35.5, கூட்டினால் 58.5; ஒரு மோல் உப்பு 58.5 கிராம், ஆகவே அந்த 9 கிராமை 58.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.154 மோல். இந்த ஒரே கணக்கை நான்கு நாள் திரும்பத் திரும்பப் போட்டேன். உயிரியலுக்குப் படம் வரைந்து பெயர்களை எழுதிப் பார்த்ததே போதுமாக இருந்தது. மலையாளத் தோழிகள் ‘கோசம்’ என்பது செல்லைத்தான் என்று புரியத்தான் தாமதமாயிற்று.