ஆஸ்திரேலிய மாநில அரசு: எந்தக் கதவைத் தட்டினால் வேலை நடக்கும்?

விசா தாமதமாகிறது என்று மாநில எம்.பி. (நம் ஊர் எம்.எல்.ஏ. மாதிரி) அலுவலகத்தில் போய் உட்காருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் என்ன செய்வார் பாவம், கையை விரிப்பார். விசா, வருமான வரி, மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடு, சென்டர்லிங்க் என்ற அரசு உதவித்தொகை எல்லாம் கான்பெராவின், அதாவது மத்திய அரசின் வேலை. குப்பைத் தொட்டியும் நாய்ப் பதிவும் கவுன்சில் என்ற உள்ளாட்சியின் பாடு. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, போலீஸ், ரயில், டிரைவிங் லைசென்ஸ், வீடு வாங்கும்போது கட்டுகிற ஸ்டாம்ப் டியூட்டி, இதெல்லாம்தான் மாநிலம். முதலில் இதைப் பிரித்துக்கொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

மாநிலங்கள் 6. ஒவ்வொன்றுக்கும் தலைவர் பிரீமியர், நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர். அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கீழவையில் பெரும்பான்மை ஆதரவு உள்ள கட்சியின் தலைவரே பிரீமியர். அதனால்தான் விக்டோரியாவில் 2023 செப்டம்பரில் டேனியல் ஆண்ட்ரூஸ் விலகியதும், தேர்தலே இல்லாமல் ஜெசிந்தா ஆலன் அந்த நாற்காலிக்கு வந்தார். மன்னரின் பிரதிநிதியாகக் கவர்னரும் உண்டு. மசோதாவுக்கு ஒப்புதல், அமைச்சர்களுக்குப் பதவிப் பிரமாணம் என்று இருப்பவர், அதையும் பெரும்பாலும் அமைச்சர்கள் சொல்கிறபடிதான் செய்வார். அவருக்கு மனு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, குறை இருந்தால் என்ன செய்வது? விக்டோரியாவை வைத்தே சொல்கிறேன். முதலில் அந்தத் துறைக்கோ மருத்துவமனைக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள், வந்த பதிலையும் புகார் எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் பேசினால் பின்னால் காட்ட ஆதாரம் இருக்காது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மேலே இருப்பவர் திரும்ப இங்கேதான் அனுப்புவார். துறையை நடத்துவது செயலாளர் என்ற அதிகாரி, அதற்கு மாநில நாடாளுமன்றத்தில் பதில் சொல்வது அமைச்சர். ஒரே துறைக்குப் பல அமைச்சர்கள் இருப்பது இங்கே சகஜம், ஆட்சி மாறினால் துறையின் பெயரும் மாறிவிடும், ஆகவே பழைய கடிதத்தில் இருக்கும் பெயரை நம்பாமல் இப்போது யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அது பலிக்கவில்லையா, உங்கள் தொகுதி மாநில எம்.பி.யிடம் போங்கள். பலருக்கும் தெரியாத விஷயம், விக்டோரியாவில் உங்களுக்கு மாநில எம்.பி. ஒருவர் இல்லை, 6 பேர். கீழவையின் 88 பேரில் ஒருவர் உங்கள் தொகுதிக்கு. மேலவையின் 40 பேரும் 8 மண்டலங்களுக்குத் தலா 5 பேர் என்று பிரிந்திருப்பதால் அதில் 5 பேர். உங்கள் தொகுதிக்காரர் ஆளுங்கட்சியாக இருந்து கேட்கத் தயங்கினால், மேலவையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவராவது சிக்குவார், அவர் அமைச்சரைச் சபையிலேயே கேட்பார்! (குவீன்ஸ்லாந்தில் இந்த வழி கிடையாது, 1922இலேயே மேலவையை ஒழித்துவிட்டார்கள்.)

அப்புறம் ஆம்புட்ஸ்மன், அதாவது அரசு அலுவலகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி. கட்டணம் இல்லை, அமைச்சருக்குக் கீழே இல்லாத தனி அலுவலகம், துறைகள் மட்டுமில்லாமல் கவுன்சில் மீதான புகாரையும் எடுத்துக்கொள்வார்கள். முதல் படியில் பத்திரப்படுத்திய அந்தப் பதில் கடிதம் இங்கே உதவும்.