ஸ்கார்ஃபேஸைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவின் தெற்கிலுள்ள ஹூஸ்டன் நகரத்து ராப் கலைஞரான ஸ்கார்ஃபேஸை அறிய விரும்புவோர், அவர் கெட்டோ பாய்ஸ் குழுவில் இருந்தபோது 1991இல் வெளிவந்த ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ பாடலிலிருந்து தொடங்குவது நல்லது. சோல் இசைக் கலைஞர் ஐசக் ஹேய்ஸின் பழைய இசைத்துணுக்கின் மேல் அச்சமும் மனக்குழப்பமும் வாக்குமூலம் போல ஒலிப்பதை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கேளுங்கள். வீறாப்புதான் ராப் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். அடுத்து அவருடைய தனி இசைத்தொகுப்புகளில் 1994இன் ‘தி டைரி’, பிறகு 2002இன் ‘தி ஃபிக்ஸ்’ என்ற வரிசையில் செல்லுங்கள். இடையில் வந்த தொகுப்புகளை, என் கருத்தில், பின்னர் பார்த்துக்கொள்ளலாம். டெஃப் ஜாம் சவுத் என்ற இசைவெளியீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்து, மற்றொரு தென்னக நகரமான அட்லாண்டாவின் ராப் கலைஞர் லுடாக்ரிஸை அவர் ஒப்பந்தம் செய்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் கோலோச்சிய துறையில் அமெரிக்கத் தென்மாநிலங்கள் இடம்பிடித்த விதம் புலப்படும்.