தடைக்காலத்தில் முன்பணம்: கடலோர ஊரில் முதல் சமூகவியல் ஆய்வு, படிப்படியாக

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கின்றன? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஆய்வு முறையைப் பழகிவிடலாம்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"மீனவர் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது, என்ன பதில் வந்தாலும் பொருந்திவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "கடற்பாசி எடுத்தோ கருவாடு விற்றோ பெண்கள் சம்பாதிக்கும் வீடுகள், தடைக்காலத்தில் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது குறைவு." இது கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். தவறென்று காட்ட வழி இருக்க வேண்டும் என்பதுதான் தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934இல் முன்வைத்த அளவுகோல். எவ்வளவு வந்தால் 'சம்பாத்தியம்' என்று கணக்கில் எடுப்பீர்கள் என்பதையும் முதல் வீட்டுக்குப் போகும் முன்பே எழுதிவிடுங்கள். விவரம் கைக்கு வந்தபின் அதை மாற்றினால், விரும்பிய முடிவுக்காக அளவுகோலை வளைத்ததாகிவிடும்.

படி 2: கேள்விப் படிவத்துக்கு முன் பேச்சு

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். ஆய்வு கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். "கடன் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒருவர் உண்மையாகவே சொல்லக்கூடும். பிடித்த மீனை வியாபாரிக்கே போடுவோம் என்ற பேச்சில் வாங்கிய முன்பணம் அவர் மனதில் கடன் அல்ல, வியாபாரியோடு உள்ள உறவு. வட்டியாக வெளியே தெரியாதது, மீனுக்குக் கிடைக்கும் விலையில் கழிந்துபோகலாம். செய்பவர் தன் செயலுக்குத் தரும் பொருளைப் புரிந்துகொள் என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னது இதற்குத்தான். மார்க்ஸ் வழி வந்தவர்களோ, "விலையை நிர்ணயிப்பது யார்?" என்று மேலும் ஒரு படி போய்க் கேட்பார்கள்.

10 பேரிடமாவது, அவசரமில்லாமல், ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே குறியுங்கள். குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். பிரதிகளை வேறு வேறு இடங்களில் வையுங்கள். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் தம் கள ஆய்வுக் குறிப்புகளுக்கு மூன்று பிரதி வைத்திருந்தார். மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின.

படி 3: யாரைக் கேட்பது?

900 வீடுள்ள ஊரில், 95 விழுக்காடு நம்பகத்தோடு, பிழை 10 விழுக்காட்டுக்குள் நிற்க ஏறக்குறைய 87 வீடு போதும். 1 முதல் 10 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். 4 வந்தால் 4, 14, 24 என்று ஒவ்வொரு பத்தாவது வீடு. 90 கிடைக்கும். தலைக்கட்டு வரிப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். பெண் தனியாக நடத்தும் குடும்பம் அதில் விடுபடலாம். நீங்களே தெருத் தெருவாக நடந்து வீட்டுக்கு எண் போடுவதே நல்லது.

படி 4: கேட்கும் விதம்

"மாத வருமானம் எவ்வளவு?" என்பது கிடைத்த மீனில் பங்குக்கு உழைப்பவரிடம் செல்லாது. "கடைசியாகக் கடலுக்குப் போய்வந்தபோது கைக்கு எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். நிவாரணக் கணக்கெடுப்பு என்று நினைத்தால் வருமானம் குறைந்தும் கஷ்டம் கூடியும் வரும். முதல் வாக்கியத்திலேயே அது இல்லை என்று சொல்லிவிடுங்கள். வீட்டு ஆண் அருகில் இருக்கும்போது பெண்ணிடம் அந்தப் பெண்ணின் சம்பாத்தியத்தைக் கேட்க வேண்டாம். பாசி எடுக்கும் இடத்தைப் பதியவே கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே பாசி எடுக்கத் தடை உண்டு. உங்கள் தாள் அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

படி 5: எண்ணிப் பார்ப்பது

பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கு. பெண்கள் சம்பாதிக்கும் 40 வீடுகளில் 13 முன்பணம் வாங்கியவை. சம்பாத்தியம் இல்லாத 50இல் 30. அதாவது 33 விழுக்காடும் 60 விழுக்காடும். கருதுகோள் வென்றது போலத் தெரிகிறதா? படகு வாரியாகப் பிரியுங்கள். முதல் 40இல் நாட்டுப்படகு வீடு 30, அதில் முன்பணம் வாங்கியவை 6. விசைப்படகு 10, அதில் 7. அடுத்த 50இல் நாட்டுப்படகு 10, அதில் 2. விசைப்படகு 40, அதில் 28. இரு பக்கமும் நாட்டுப்படகில் 20 விழுக்காடு, விசைப்படகில் 70. வித்தியாசம் முழுக்கப் படகிலிருந்து வந்தது. 61 நாள் தடை நாட்டுப்படகுக்கு இல்லை என்பதை மறந்தால் இந்தக் குழியில் விழுவோம். 1897இல் தற்கொலை விகிதங்களைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் மதம், திருமணம் என்று பிரித்துப் பிரித்து ஒப்பிட்டதும் இப்படிப்பட்ட மறைகாரணத்தைத் தேடித்தான்.

கருதுகோள் தோற்றால் அதையும் எழுதுங்கள். பிறகு விசைப்படகு வீடுகளில் முன்பணம் வாங்காத அந்த 15 வீட்டுக்குத் திரும்பிப் போங்கள், இந்த முறை படிவம் இல்லாமல். எதை அடகு வைத்தார்கள், யார் கொடுத்தார்கள், எந்தச் செலவைத் தள்ளிவைத்தார்கள் என்று கேளுங்கள்.